விமான டிக்கெட் ஏன் ஏறுகிறது, எப்போது போடுவது? செட்டிநாட்டு உறவுகள் கேட்கும் கேள்விகள்

எங்கள் பங்காளி வீடுகளுக்கு விமான டிக்கெட் போடும் வேலை பத்துப் பன்னிரண்டு வருடமாக என் தலையில்தான். ஒரு கல்யாணம், ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்), ஒரு படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்று தேதி குறித்தால் போதும், காரைக்குடியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், அமெரிக்கா என்று நாலு திசையிலிருந்தும் போன் வர ஆரம்பித்துவிடும். ஆளாளுக்குக் கேட்கும் விதம் வேறு. உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: “இப்பவே போடவா, கொஞ்சம் பொறுக்கவா?” தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

போன மாதம் பார்த்த அதே விமானம் இப்போது இரண்டு மடங்கு விலை. அப்படி என்ன கூடிவிட்டது?

விமானத்தில் ஒன்றும் கூடவில்லை, கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். மதுரை மல்லிகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தோட்டம், அதே பூ. முகூர்த்த நாளென்றால் விலை எங்கேயோ போய்விடுகிறது. நாமும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கத்தான் செய்கிறோம்.

பூவாவது வேறு ஊரிலிருந்து வரவழைக்கலாம். விமானத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட முடியாது. 180 இருக்கை என்றால் 180தான். சென்னையிலிருந்து நம் பக்கம் வரும் சிறிய ஏ.டி.ஆர். விமானம் என்றால் 80 பேருக்குள் அடக்கம். இன்னொன்று, விமானம் கிளம்பிய அடுத்த நிமிடம் காலி இருக்கைக்கு மதிப்பே இல்லை. நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. விமான வாடகை, விமானி சம்பளம், எரிபொருள், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் 100 பேர் ஏறினாலும் 180 பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஆள் வராத மாதத்தில் கைநஷ்டத்துக்குக்கூட விற்று இருக்கையை நிரப்புவார்கள். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் கூட்டம் வரும் மாதத்தில் நம்மிடம் வாங்குகிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடியில் விட்டதை தீபாவளியில் பிடிப்பதில்லையா, அந்தக் கதைதான்.

ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. எனக்கு ஒரு விலை, அவருக்கு வேறு விலை. இது என்ன நியாயம்?

ஒரு விமானத்தின் இருக்கைகள் எல்லாம் ஒரே விலைக்கு விற்பனைக்கு வருவதில்லை. படிப்படியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். புரிவதற்காக நானே போடும் ஒரு கணக்கு: முதல் 20 இருக்கை 7,000 ரூபாய், அடுத்த 40 இருக்கை 9,000, அப்புறம் 12,000, கடைசிப் பத்துப் பதினைந்து இருக்கை 25,000. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் மேல்படி திறக்கும். நீங்கள் பார்க்கும்போது எந்தப் படி திறந்திருக்கிறதோ அதுதான் உங்கள் விலை.

பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. எந்தப் படியில் எத்தனை இருக்கை என்பது நாளுக்கு நாள் மாறும். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமைக்குக் கீழ்ப்படியில் தாராளமாகக் கொடுப்பார்கள். டிசம்பர் 20-க்குக் கீழ்ப்படியை முதல் நாளிலிருந்தே மூடி வைத்திருப்பார்கள். “பத்து மாதத்துக்கு முன்னாடியே பார்த்தேன், அப்பவே விலை கூடத்தான் இருந்தது” என்று எங்கள் அண்ணன் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவர் சொன்னது பொய்யில்லை.

இந்த முறையைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டியது 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ். பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விலை நிறுவனத்தோடு மோத, முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இருக்கைகளை அடிமாட்டு விலைக்கு விட்டார்கள். மற்ற இருக்கைகளைப் பழைய விலைக்கே வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்தோடு கலந்து காணாமல் போனது. அன்றைக்கு ஆரம்பித்த வித்தையைத்தான் இன்றைக்கு நாம் கைபேசியில் பார்க்கிறோம்.

சீசன் என்றால் தீபாவளியும் பொங்கலும்தானே?

சென்னையிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் வருபவர்களுக்கு அதுதான் சீசன். கடல் கடந்து வருபவர்களுக்கு இல்லை. அங்கே விலையை ஏற்றுவது நம் பண்டிகையைவிட அந்த ஊர்ப் பள்ளிக்கூட விடுமுறை.

சிங்கப்பூரில் ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஆறு வாரம் பள்ளி கிடையாது. வளைகுடாவில் ஜூலை, ஆகஸ்ட். அமெரிக்காவில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, பிறகு கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் இந்த நாட்களில்தான் வர முடியும். நம் தமிழ் மாதக் கணக்கு இதோடு ஒத்துப்போவதே இல்லை. மார்கழியில் இங்கே கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. ஆனால் சிங்கப்பூர்–திருச்சி விமானத்துக்கு அதுதான் வருடத்திலேயே பெரிய கூட்டம். ஆடியும் அப்படித்தான். இங்கே விசேஷம் இல்லை, துபாய்க்காரர்களுக்கு மட்டும் டிக்கெட் விலை தீ.

நம்மவர்களுக்கு இன்னும் சில நாட்கள் கூடவே சேர்ந்துகொள்ளும். திருக்கார்த்திகைக்கு 21-ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு மார்கழியில், அதாவது டிசம்பர் கூட்டத்தின் நடுவில் வந்து நிற்கிறது. அந்த நோன்பின் சடங்கான இழை எடுக்க ஊருக்கு வரவேண்டும் என்று நினைப்பவர் முழு விலை கொடுத்துத்தான் வரவேண்டியிருக்கும். (அதனால்தானோ என்னவோ, பாதிப்பேர் இருக்கும் ஊரிலேயே சேர்ந்து எடுத்துக்கொள்கிறார்கள்.) அதற்கு மாறாக, பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலும், குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் தைப்பூச யாத்திரையும் அங்கே பள்ளி திறந்த பிறகு வருகின்றன. பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாக வர முடிந்தவர்களுக்கு டிசம்பரைவிடச் செலவு கண்டிப்பாகக் குறையும்.

போகும்போது மலிவு, வரும்போது மட்டும் ஏன் இத்தனை விலை?

சீசனுக்குத் திசை உண்டு. டிசம்பர் முதல் மூன்று வாரம் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் விமானம் நிறைந்து வழியும். அதே விமானம் திரும்பிப் போகும்போது அவ்வளவு நெருக்கடி இருக்காது. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை தலைகீழ். மே மாதம் நம் ஊர்ப் பள்ளி விடுமுறை என்பதால் இங்கிருந்து சுற்றுலா போகும் திசை சூடாக இருக்கும்.

இதை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். மகள் வீட்டில் ஐந்து பேர் டிசம்பரில் இங்கே வருவதற்குப் பதில், அப்பச்சியும் ஆத்தாவும் டிசம்பர் தொடக்கத்தில் இங்கிருந்து போய்விட்டு ஜனவரி நடுவில் திரும்பினால் இரண்டு பயணமும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. ஐந்து டிக்கெட் இரண்டாகக் குறைவது தனி லாபம். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு வளவில் (வீட்டு முற்றத்தில்) ஓடியாடுவது கிடைக்காதே என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூட்டம் வருமென்று தெரியும். இன்னும் நாலு விமானம் விட்டால் என்ன?

சில வேளை விடுகிறார்கள். ஆனால் அந்த மூன்று வாரத்துக்காக விமானமும் விமானிகளும் வாங்கி வைத்தால் மீதி மாதங்களில் சும்மா நிற்கும். அதோடு மேலே சொன்ன திசைச் சங்கதி: நிறைந்து வரும் விமானம் பாதி காலியாகத் திரும்பவேண்டும். அந்தக் காலி இருக்கைகளின் செலவும் நிறைந்த பக்கத்தில் உட்கார்ந்தவர் தலையில்தான் விழும். வெளிநாட்டு விமானம் என்றால் இரு நாடுகளுக்கும் இடையே வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊர் என்று ஒப்பந்தமும் இருக்கும். இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது.

சரி, எப்போதுதான் போடுவது?

இது சட்டம் இல்லை. இத்தனை வருடம் போட்டுப் பார்த்ததில் எனக்குக் கைகொடுத்த கணக்கு.

சாதாரண நாளில் சென்னை–மதுரை, சென்னை–திருச்சி என்றால் மூன்றிலிருந்து ஆறு வாரம் முன்னால். அதற்கும் முன்னால் போட்டுப் பெரிய லாபம் இல்லை. தீபாவளி, பொங்கல் என்றால் கணக்கே வேறு. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது. பண்டிகைக்கு முந்தைய நாள் பல்லவன், சிலம்பு, சேது ரயில்களில் இடம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இடம் கிடைக்காதவர்களில் வசதி உள்ளவர்கள் அடுத்துத் திரும்புவது விமானத்துக்குத்தான். அதனால் விமானத்தில் போவதென்று முடிவு செய்திருந்தால் அந்த 60-ஆம் நாளுக்கு முன்பே போட்டுவிடுவேன். ரயிலைத்தான் நம்புகிறேன் என்றால் 60-ஆம் நாள் காலை 8 மணிக்கு உட்காரவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஆம்னி பஸ்ஸில் வருகிறார்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை: சாதாரண நாளில் ஆறேழு வாரம் போதும். டிசம்பருக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே. ஜூனுக்கு பிப்ரவரியில். அமெரிக்கா என்றால் கோடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஐந்தாறு மாதம் முன்னால் பார்க்க ஆரம்பித்து, நாலு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதம் முன்பே விற்பனையைத் திறந்துவிடும். ஆனால் திறந்த அன்றே வாங்கினால் மலிவு என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மலிவு நிறுவனங்கள் அவ்வப்போது தள்ளுபடி அறிவிப்பார்கள், சீசன் நாட்களைப் பெரும்பாலும் அதிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. விசேஷத் தேதி குறித்த பிறகு, பத்திரிகை அடித்து, குலதெய்வத்துக்கு வைத்து, முறைப்படி ஒவ்வொரு வீடாகச் சொல்லி முடித்து, கடைசியில்தான் கடல் தாண்டி இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. அதற்குள் மூன்று மாதம் ஓடியிருக்கும். அவர் பாவம், மேல்படி விலையில் டிக்கெட் போட்டு வருவார், அல்லது வராமல் மொய் மட்டும் அனுப்புவார். எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தேதி முடிவான அன்று ராத்திரியே வெளியூர், வெளிநாட்டு ஆட்களுக்கு வாய்வழியாகச் சொல்லிவிடுவது. பத்திரிகை அது பாட்டுக்கு முறைப்படி அப்புறம் போகட்டும். முதலில் அப்பத்தா சம்மதிக்கவில்லை, “அழைக்காமச் சொல்றது மரியாதையா?” என்றார்கள். டிக்கெட் விலை வித்தியாசத்தை ரூபாயில் சொன்னதும் சம்மதித்துவிட்டார்கள்.

கடைசி நேரத்தில் காலி இருக்கையை மலிவாக விற்பார்களாமே?

சாயங்காலம் மிஞ்சிய பூவைக் குறைத்துக் கொடுப்பதுபோல என்று நினைக்கிறோம். விமானக்காரர்கள் கணக்கு நேரெதிர். கடைசி இரண்டு நாளில் டிக்கெட் தேடுபவர் யார்? அவசர வேலைக்காரர், மருத்துவமனைக்கு ஓடுபவர், கேதத்துக்கு (துக்க வீட்டுக்கு) வருபவர். எந்த விலை சொன்னாலும் இவர்கள் வாங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசி நாளில் குறைத்து விற்றால் அடுத்த முறை எல்லோரும் கடைசி நாளுக்குக் காத்திருப்பார்கள் என்ற பயமும் உண்டு. ஆள் இல்லாத பருவத்தில் எப்போதாவது குறையும். சீசனில் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் போட்டால் மலிவா?

இல்லை. எந்தக் கிழமை பறக்கிறோம் என்பதுதான் விலையை மாற்றும். செவ்வாய், புதன் பறந்தால் வெள்ளி, ஞாயிறைவிடப் பெரும்பாலும் குறைவு. அதிகாலை விமானமும் அப்படித்தான். ஆனால் அதிகாலை விமானத்துக்குக் காரைக்குடியிலிருந்து நடுராத்திரி கிளம்பும் கார் வாடகையையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் தேடத் தேட விலை ஏறுகிறது. என்னை வேவு பார்க்கிறார்களா?

நீங்கள் பார்ப்பதற்கும் மறுபடி பார்ப்பதற்கும் நடுவில் கீழ்ப்படி விற்றுப்போயிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். மறைநிலைப் பக்கத்தில் (இன்காக்னிடோ) தேடிப் பாருங்கள், அதே விலைதான் காட்டும்.

ஆனால் இன்னொரு விஷயம் உண்மை. ஆறு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்ப்படியில் நாலு இருக்கைதான் மீதி இருந்தால், ஆறு பேருக்கும் மேல்படி விலையைக் காட்டுவார்கள். முதலில் ஒருவருக்கு, அப்புறம் இருவருக்கு, நாலு பேருக்கு என்று தேடிப் பார்த்து, விலை எங்கே தாவுகிறதோ அங்கே இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். பிரித்தால் பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண் இரண்டாகிவிடும், விமானம் ரத்தானால் ஆளுக்கொரு பக்கம் மாற்றிவிட வாய்ப்புண்டு. பெரியவர்களையும் சின்னப்பிள்ளைகளையும் தனியாக ஒரு டிக்கெட்டில் விடாதீர்கள்.

திருச்சியா, மதுரையா, சென்னையா?

காரைக்குடியிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் ஏறக்குறைய சம தூரம், 90 கிலோமீட்டர் சுமார். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நமக்கு ஊருக்குள் நுழையும் தொல்லை இல்லை. சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு முதலில் திருச்சியைத்தான் பார்க்கச் சொல்வேன். தென்கிழக்காசிய நாட்டு விமானங்கள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் வந்துபோகலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 சுற்றுலா நகரங்களில் திருச்சியும் ஒன்று. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. திருச்சியில் மலிவு நிறுவனங்களான ஸ்கூட்டும் ஏர் ஏஷியாவும் நாள்தோறும் வந்து இறங்குவதற்கும், மதுரைக்காரர்கள் வருடக்கணக்காகக் குறைப்பட்டுக்கொள்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். போட்டி இருக்கும் இடத்தில் விலை கொஞ்சமாவது அடங்கும். திருச்சியில் 2024-இல் புது முனையமும் திறந்துவிட்டார்கள்.

சீசனில் மூன்றையும் பாருங்கள். திருச்சி எகிறியிருக்கும்போது சென்னை சில வேளை பாதி விலையில் கிடைக்கும். ஆனால் சென்னையில் இறங்கி ஊர் வந்து சேர 400 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து பேர், பெட்டிகளோடு கார் வைத்தால் மிச்சம் பிடித்ததில் பாதி போய்விடும்.

நான் பட்டது ஒன்று சொல்கிறேன். ஒரு மார்கழியில் சித்தப்பா குடும்பத்துக்கு வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்டும், சென்னையிலிருந்து மதுரைக்கு வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட்டும் போட்டேன். நடுவில் இரண்டரை மணி நேரம். சேர்த்துப் பார்த்தால் நல்ல லாபம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இரண்டாவது நிறுவனம் “அது எங்கள் பொறுப்பில்லை” என்று கையை விரித்துவிட்டது. தனித்தனி டிக்கெட்டில் அவர்கள் சொன்னதும் சரிதான். நாலு புது டிக்கெட், அதுவும் கடைசி நேர விலையில். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. தொடர் பயணம் என்றால் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு ராத்திரியாவது விடுங்கள்.

மலிவு விமானத்தில் போட்டேன், கடைசியில் பெட்டிக்கே பாதி விலை கேட்கிறார்களே?

முதலில் காட்டும் விலை வெறும் இருக்கைக்கு. பெட்டி, சாப்பாடு, இருக்கைத் தேர்வு எல்லாம் தனி. நம்மவர்கள் ஊரிலிருந்து திரும்பும்போது வெறுங்கையோடு போனதாகச் சரித்திரம் உண்டா? மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, கவுனி அரிசி என்று 20 கிலோ சாதாரணமாகப் போய்விடும். இதற்கான எடையை டிக்கெட் போடும்போதே வாங்கினால் குறைவு, கவுண்டரில் கேட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று தாளித்துவிடுவார்கள். பெட்டி விலையையும் சேர்த்த பிறகுதான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடவேண்டும். வரும்போது 20 கிலோ, போகும்போது 30 என்று தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

தேதி மாறினால் பணம் போச்சா?

மலிவு டிக்கெட்டில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் முழுவதும் போகாது. பணம் திரும்பாத டிக்கெட் என்றாலும் அதிலுள்ள வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. வராமல் விட்டவர்கள் இதைக் கேட்பதே இல்லை. விண்ணப்பித்து வாங்குங்கள். குழந்தைக்கு இரண்டு வயது முடியும் தேதியையும் பாருங்கள். போகும்போது மடியில் போன பிள்ளைக்கு வரும்போது இருக்கை வாங்கவேண்டியிருக்கும்.

அரசாங்கம் ஒரு உச்சவரம்பு போடக்கூடாதா?

விமான சேவையை அரசு நிறுவனங்களுக்கே ஒதுக்கி வைத்திருந்த ஏர் கார்ப்பரேஷன் சட்டம் 1994-இல் நீங்கிய பிறகு உள்நாட்டுக் கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. அரசு கண்காணிக்கும், சாதாரணமாகத் தலையிடாது. விதிவிலக்காக, கொரோனாவுக்குப் பின் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருந்தன. 2025 டிசம்பரில் ஏராளமான விமானங்கள் ரத்தாகி விலை கன்னாபின்னாவென்று ஏறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கித் தற்காலிக வரம்பு வைத்தார்கள். நிரந்தர வரம்பு வந்தால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் மேலே கட்டிவைத்தால் கீழ்ப்படி விலையும் மறைந்துவிடும். பிப்ரவரியில் மலிவாக வருபவர்களுக்கு அது நஷ்டம்.

எண்ணெய் விலை ஏறினால் டிக்கெட் ஏறுமா?

ஏறும், மெதுவாக. விமான எரிபொருள் விலையை எண்ணெய் நிறுவனங்கள் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி மாற்றுகின்றன. அது ஜி.எஸ்.டி.க்குள் வராததால் மாநில வரி தனி. டிக்கெட்டுக்கு சாதாரண வகுப்பில் 5 சதவீத ஜி.எஸ்.டி. ஆனால் ஒரே வாரத்தில் விலை இரண்டு மடங்கானால் அதற்கு எண்ணெய் காரணமில்லை, கூட்டம்தான்.

கேதம் என்றால் என்ன செய்வது?

அப்போது விலை பார்க்க நேரமில்லை. திருச்சி, மதுரை, சென்னை, கொழும்பு வழி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து தேடுங்கள். துக்கத்தில் இருப்பவரைத் தேட வைக்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டை அப்போதே போடவேண்டாம், காரியம் முடியும் தேதி தெரிந்த பிறகு போடலாம். விசா நிபந்தனையால் திரும்பும் டிக்கெட் கட்டாயம் என்றால் மட்டும் மாற்றக்கூடிய வகையில் எடுங்கள்.

செட்டிநாட்டிலேயே ஒரு விமானதளம் இருக்கிறதே, அது வந்தால் விலை குறையுமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் அது. திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி எழும். எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு போனவர். அவருக்கு ஊரிலிருந்து துறைமுகம் போய்ச் சேர்வதே ஒரு பயணம். நமக்குத் திருச்சி ஒன்றரை, இரண்டு மணி நேரம். டிசம்பரில் வருகிறீர்கள் என்றால் டிக்கெட் போட்ட கையோடு காருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். சீசனில் அதுவும் கிடைப்பதில்லை.